கோவையை இரண்டு தரம் வாசியுங்கள்

அரச சட்டத்தரணியின் வேலை பொலிஸ் அனுப்பிய கோவையை மேசையில் விரிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. முதல் தரம் அதை அரச தரப்பாக வாசிப்பேன். அடுத்த தரம் எதிரிக்காக வாதாடப் போகிறவனாக. முதல் முறைப்பாடு எத்தனை மணிக்குப் பதிவானது? சட்ட வைத்திய அதிகாரி எழுதிய காயமும் சாட்சி சொல்லும் ஆயுதமும் பொருந்துகின்றனவா? இரவில் வாவிக்கரையில் நடந்த சம்பவமென்றால் அன்று நிலவு இருந்ததா என்றும் பார்க்கவேண்டும். விடை கிடைக்காத கோவையில் குற்றப்பகர்வு தாக்கல் செய்யாமல் விடுவதும் எங்கள் கடமைதான்.

மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடத்திய காலத்திலேயே வார இறுதிகளில் சான்றுச் சட்டம் படிப்பித்தேன். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 25ஆம் பிரிவு: பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக எண்பிக்க முடியாது. பிள்ளைகள் இதை ஒரே நாளில் மனனம் செய்துவிடுவார்கள். ஏன் அப்படி ஒரு விதி என்பதை விளக்க எனக்குச் சிங்கராசா வழக்கு தேவைப்பட்டது.

1993 யூலையில் மட்டக்களப்பில் கைதானவர் அவர். தமிழ் மட்டுமே பேசுவார். அவருடையதென்று முன்வைக்கப்பட்ட ஒப்புதல் சிங்களத்தில் இருந்தது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். கீழே பெருவிரல் அடையாளம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதலை ஏற்கச் சொல்கிறது. வற்புறுத்தி வாங்கியது என்று காட்டும் பொறுப்பையும் எதிரியிடமே விடுகிறது. 1995இல் 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் முடிவுசெய்தது. 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ஏற்கவில்லை.

வகுப்பில் ஒரு கேள்விதான் கேட்பேன்: ஒப்புதலை எடுத்துவிட்டால் கோவையில் மிச்சம் என்ன? அந்த வழக்கில் வேறொன்றும் இருக்கவில்லை. பிள்ளைகள் பேசாமல் இருப்பார்கள். பிறகு ஒருவர் மறித்துக் கேட்பார், ‘சேர், நீங்களென்றால் தாக்கல் செய்திருப்பீங்களா?’ திங்கட்கிழமை என் மேசைக் கோவைகளை அந்தக் கேள்வியோடுதான் திறப்பேன். படிப்பிக்காமல் இருந்திருந்தால் நான் இத்தனை கவனமான வழக்குத்தொடுநராக ஆகியிருக்க மாட்டேன்.

ஆயுள் முழுக்க அரச பக்கம் நின்றவன் சொல்கிறேன்: ஒழுங்காகப் புலன்விசாரணை நடந்த வழக்குக்கு 16ஆம் பிரிவு தேவையில்லை. அதை நீக்கவேண்டும்.