பிலடெல்பியாவில் ஒரு சிறுவனின் கல்லறை

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள பிலடெல்பியா நகரத்துக்குச் 'சகோதர நேயம்' எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டியவர் வில்லியம் பென் என்னும் பெரியார். 1682ஆம் ஆண்டில் அவர் அமைத்த அந்நகரத்திலேதான் 1776இல் அமெரிக்கரின் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறியது. அங்கு செல்வோர் அப்பிரகடனம் பிறந்த மண்டபத்தையும், வெடிப்பு விழுந்த சுதந்திர மணியையும் காணத் தவறுவதில்லை. நாமும் கண்டு மகிழ்ந்தோம். ஆயினும் எமது உள்ளத்தில் ஆழப் பதிந்தவை வழிகாட்டி நூல்கள் போற்றும் அவ்விடங்கள் அல்ல. நகரின் மூன்று வேறு திசைகளில், ஒரு பாலகனின் கதையால் இணைக்கப்பட்டுக் கிடக்கும் மூன்று இடங்களே அவை. அவ்விடங்களுக்கு வாசகர்களையும் அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

முதலாவது இடம், நகரின் வடகிழக்கு ஓரத்திலுள்ள பொக்ஸ் சேஸ் என்னும் பகுதி. நகர மையத்திலிருந்து செல்லும் புகையிரதப் பாதைகளில் ஒன்று அங்கேதான் முடிவடைகிறது. அப்பகுதியில் உள்ளது சஸ்குவெஹனா வீதி. இன்று அவ்வழியே செல்பவர் நின்று பார்க்கத்தக்க சின்னம் எதுவும் எமது கண்ணுக்குப் புலப்படவில்லை.

1957ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் நாள், அவ்வீதியோரப் பற்றைகளுக்கிடையில் ஒரு கடதாசி மட்டைப் பெட்டி கிடந்தது. குழந்தைத் தொட்டில் ஒன்றை வைத்து விற்ற பெட்டி அது. அதனுள்ளே, போர்வையொன்றினாற் சுற்றப்பட்ட நிலையில், ஓர் ஆண் பிள்ளையின் ஆடையற்ற உடல் இருந்தது. நாலு வயது முதல் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையாக இருக்கலாம் என மதித்தனர். போதிய உணவின்றி மெலிந்த தேகம், அடிபட்ட காயங்கள், தாறுமாறாகக் கத்தரிக்கப்பட்ட தலைமயிர். கண்டவர் நெஞ்சு பதறியது.

இத்தகைய பிள்ளையைத் தேடி எவரேனும் வந்தே தீருவர் எனப் பொலிசார் எண்ணினர். எவரும் வரவில்லை. பிள்ளையின் படத்துடன் 400,000 துண்டுப் பிரசுரங்கள் அச்சிடப்பட்டன. எரிவாயுக் கட்டணச் சீட்டுகளுடன் சேர்த்து அவை வீடு வீடாக அனுப்பப்பட்டன. வைத்தியசாலைகளில் பிறந்த குழந்தைகளின் பாதச் சுவடுகளோடு இப்பிள்ளையின் சுவட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். தொட்டில் விற்ற கடையையும் கண்டுபிடித்தனர். அது நகரின் மேற்கு எல்லைக்கு அப்பாலுள்ள அப்பர் டார்பி என்னும் ஊரிலிருந்தது. இவ்வளவு செய்தும் பிள்ளை யாரென்பது தெரியவில்லை.

திக்கற்றவர்களைப் புதைக்கும் மயானத்திலே அப்பாலகனை அடக்கம் செய்தனர். மரண விசாரணை அலுவலகத்தில் கடமையாற்றிய ரெமிங்டன் பிரிஸ்டோ என்பவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் இவ்விடயத்தைக் கைவிடவில்லை. 1993இல் அவர் காலமாகும் வரையும் அப்பிள்ளையின் பெயரைத் தேடிக்கொண்டேயிருந்தார்.

1998ஆம் ஆண்டில், பரிசோதனைக்காகக் கல்லறையைத் திறந்தனர். பல்லொன்றிலிருந்து தாய்வழியாக மாத்திரம் வரும் ஒருவகை மரபணு பெறப்பட்டது. ஆனால் இதில் ஒரு தடை உண்டு. 'இவளுடைய பிள்ளையாக இருக்கலாம்' என முன்னரே ஒருத்தியை ஐயுற்றால், ஆமா அன்றா என்பதை இவ்வகை மரபணு காட்ட உதவும். ஐயுறுவதற்கே ஆளில்லாதவிடத்து அது யாது செய்யும்? அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள், நகரின் வடமேற்கிலுள்ள ஐவி ஹில் சேமக்காலையில் சிறுவனை மறுபடியும் அடக்கம் செய்தனர். 1957இல் அவனை அடக்கம் செய்தவரின் மகனே பேழையையும் கல்லையும் தருமமாக வழங்கினார். அக்கல்லிலே 'அமெரிக்காவின் அறியப்படாத பிள்ளை' என்று பொறிக்கப்பட்டது.

மேலும் இருபது ஆண்டுகள் கழிந்தன. இதற்கிடையில், தம் முன்னோர் யாவர் என அறியும் ஆவலால் மக்கள் சிறு குப்பிகளில் உமிழ்நீரை நிரப்பி, அதற்கான நிறுவனங்களுக்கு அனுப்பும் வழக்கம் பெருகியது. இரத்த உறவினர் இருவரின் மரபணுவில் ஒரேவிதமான பகுதிகள் காணப்படும். பெற்றவருக்கும் பிள்ளைக்கும் இடையே அது பாதியளவு. ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்கிடையே ஏறத்தாழ எட்டிலொரு பங்கு. பூட்டன் பூட்டியரை மாத்திரம் பொதுவாகக் கொண்டவர்களுக்கிடையே ஏறத்தாழ முப்பத்திரண்டிலொரு பங்கு. ஆகவே, பெயர் தெரியாத உடலின் மரபணு எவருடைய மரபணுவுடன் எவ்வளவு ஒத்திருக்கின்றது என்பதைக் கணித்தால், இருவருக்கும் பொதுவான முன்னோர் எத்தனை தலைமுறைக்கு முற்பட்டவர் என உய்த்துணரலாம். பின்னர் பிறப்பு, விவாகம், மரணம் ஆகிய பதிவுகளைக் கொண்டு, அம்முன்னோரிலிருந்து கிளைத்த வமிசத்தைக் கீழ்நோக்கி வரைந்து வரவேண்டும். எங்கோ ஒரு கிளையில், ஏட்டிலே பிறந்து பின்னர் ஏட்டிலே காணாத ஒருவர் அகப்படுவார். 2018ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் நெடுங்காலம் பிடிபடாதிருந்த கொலையாளியொருவன் இவ்வழியாற் கைதானபோது உலகமே இம்முறையை அறிந்தது. கொன்றவனைத் தேடும் அதே வழி, கொல்லப்பட்டவரைத் தேடுவதற்கும் உதவுகின்றது.

2019ஆம் ஆண்டில் சிறுவனின் கல்லறை மீண்டும் திறக்கப்பட்டது. மண்ணிற் கிடந்து சிதைந்துபோன மரபணுவை வாசிப்பது எளிதாக இருக்கவில்லை. கொலீன் பிற்ஸ்பற்றிக் என்னும் அம்மையார் நிறுவிய ஐடென்டிபைண்டர்ஸ் இன்டர்நாஷனல் நிறுவனத்தார் அதனைப் பொறுமையுடன் ஆராய்ந்தனர். முதலில் தாய்வழி உறவினர் தென்பட்டனர். அவர்கள் மூலம் தாய் யாரென்பது புலனாயிற்று. நீதிமன்றக் கட்டளை பெற்று, அவள் பெற்ற பிள்ளைகளின் பதிவுகளைப் பொலிசார் பார்வையிட்டனர். அங்கே ஒரு பிறப்புப் பதிவில் தந்தையின் பெயரும் இருந்தது. தந்தைவழி உறவினரின் மரபணுவும் ஒத்துவரவே ஐயம் நீங்கியது.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், பிலடெல்பியாப் பொலிசார் அப்பெயரை உலகுக்கு அறிவித்தனர்: ஜோசப் ஆகஸ்டஸ் ஸரெல்லி. 1953ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் பிறந்தவன். அவன் பெட்டியிற் கிடந்தபோது நாலாவது பிறந்தநாள் கழிந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன.

இரண்டாவது இடத்தின் முகவரியும் அன்றுதான் வெளியாயிற்று. அவனுடைய குடும்பம் மேற்குப் பிலடெல்பியாவில், 61ஆம் வீதியும் மார்க்கெட் வீதியும் சந்திக்கும் சுற்றுப்புறத்தில் வாழ்ந்தது என்றனர் பொலிசார். அங்கே தெருவுக்கு மேலாக, இரும்புத் தூண்களின்மீது புகையிரதம் ஓடுகின்றது. 60ஆம் வீதி நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தோம். கீழே நின்று பேசுபவரின் குரலை மேலே ஓடும் வண்டியின் ஓசை இடையிடையே விழுங்கிவிடுகின்றது. அதே பாதையில் மேற்கே மூன்றாவது நிலையம், தொட்டில் விற்கப்பட்ட அப்பர் டார்பியில் உள்ளது! பெட்டி புறப்பட்ட கடையும் பிள்ளை பிறந்த சுற்றுப்புறமும் இவ்வளவு அண்மையில் இருந்தன. பெட்டியை வாங்கியவர் யாரென இதனைக்கொண்டு கூறிவிட முடியாது. எனினும், நாலு இலட்சம் பிரசுரங்கள் பரவிய நகரில், அம்முகத்தைப் பார்த்து 'இவன் எங்கள் தெருப் பிள்ளையல்லவா?' என்று சொல்லி அவனை அடையாளங் காட்டியவர் ஒருவருமிலர். அறுபத்தைந்து ஆண்டுகளின் பின்னரே இரத்த உறவினரின் மரபணு அவ்வடையாளத்தைத் தந்தது.

மூன்றாவது இடம் ஐவி ஹில் சேமக்காலை. அங்கு சென்றபோது கல்லறையருகே யாரோ வைத்துவிட்டுப் போன விளையாட்டுப் பொம்மைகளைக் கண்டோம். 2023ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், அவன் உயிருடன் இருந்திருந்தால் எழுபது வயது நிறைந்திருக்கும் அன்று, அவனுடைய பெயர் பொறித்த புதிய கல் அங்கே திறந்துவைக்கப்பட்டது.

காணாமற்போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, ஓர் எலும்பாயினும் கிடைக்காதா எனக் காத்திருக்கும் அன்னையரை நமது நாடு அறியும். அவர்களிடம் பெயர் இருக்கிறது, உடல் இல்லை. இங்கோ உடல் இருந்தது, பெயரில்லை. இவ்விரு துயரங்களில் எது பெரிதென்று அளக்க எம்மால் இயலாது. ஆனால் உடலையும் பெயரையும் ஒன்றுசேர்க்க முயல்வோர் செய்யும் பணி மனிதர்க்குச் செய்யத்தக்க கடைசி மரியாதை என்பதை ஐவி ஹில்லில் உணர்ந்தோம்.

பெயர் கிடைத்ததனால் நீதியும் கிடைத்துவிட்டது என்று கொள்ளுதல் தவறு. 2022இல் அப்பெயரை அறிவித்த வேளையில் பெற்றோர் இருவரும் இறந்துவிட்டனர் என்றும், சகோதரர் சிலர் உயிருடன் இருக்கின்றனர் என்றும் பொலிசார் கூறினர். உயிருடன் இருப்போரை மதித்துப் பெற்றோரின் பெயர்களை அவர்கள் அன்று வெளியிடவில்லை. கொலை செய்தவர் யாரென்பதும் அறிவிக்கப்படவில்லை. வமிசாவளி காட்டுவது ஒருவர் யாருடைய பிள்ளை என்பதை மாத்திரமே. அவருக்கு நேர்ந்தது யாது என்பதை அது காட்டாது. அதனைக் கண்டறியச் சாட்சி சொல்லும் மனிதர் வேண்டும். பெயர் அறிவிக்கப்பட்ட அன்று, அச்சிறுவனை நினைவில் வைத்திருப்போர் எவரேனும் இருப்பின் முன்வருமாறு பொலிசார் வேண்டிக்கொண்டதும் அதன் பொருட்டேயாம்.