பிளேன் மரத்தின் காயம்



லண்டன் தெருக்களில் பட்டை பெயர்ந்து, மஞ்சளும் பச்சையும் சாம்பலுமாய்த் திட்டுத்திட்டாக நிற்கும் பிளேன் மரங்களை அறிவீர்கள். பட்டை உரிவதை நோயென்று எண்ணி அஞ்சுவோர் உண்டு. அது அம்மரத்தின் இயல்பே. பெர்க்லி சதுக்கத்தில் 1789-இல் நடப்பட்டவை இன்றும் நிழல் தருகின்றன. ஈரமும் குளிரும் மிகுந்த வசந்தத்தில் தளிர்கள் கருகுவது பூஞ்சையால்தான். ஆயினும் கோடைக்குள் மரம் மீண்டும் தழைத்துவிடும்.

மசாரியா என்னும் நோய் அப்படியன்று. அது கிளையின் மேற்புறத்தை அரிப்பதால் கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. கிளை திடீரென முறிந்து விழும். வறட்சியில் வாடிய மரங்களையே பெரிதும் பற்றுகிறது. ஏறிப் பார்த்துப் பட்ட கிளைகளை அகற்றுவதே வழி.

இவற்றினும் கொடியதொன்று இன்னும் பிரிட்டனை எட்டவில்லை. அதன் பெயர் செரட்டோசிஸ்டிஸ் பிளாட்டனி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினரின் வெடிமருந்துப் பெட்டிகளின் பலகையில் ஒட்டி இப்பூஞ்சை ஐரோப்பாவுக்கு வந்ததாகக் கருதுகின்றனர். பிரான்சின் மிதி கால்வாய்க் கரையில் 2006-இல் இது கண்டறியப்பட்டது. அங்கு நின்ற சுமார் 42,000 பிளேன் மரங்களில் பல்லாயிரம் வெட்டப்பட்டுவிட்டன. மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துச் சில ஆண்டுகளில் கொன்றுவிடும் இந்நோய்க்கு மருந்தில்லை. வட அமெரிக்காவிலிருந்து வந்த மரக்கட்டைகளோடு நுழைந்த நோய்க்கு, 1970-களில் இந்நாடு தன் எல்ம் மரங்களைக் கோடிக்கணக்கில் பறிகொடுத்ததை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள்.

நோயுற்ற மரத்தை அறுத்த ரம்பத்தின் தூள் இன்னொரு மரத்தின் காயத்தில் பட்டாலே போதும். அருகருகே நிற்கும் மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் பிணைந்திருப்பதால் அவ்வழியும் பரவும்.

ஆகவே, நடைபாதை தோண்டுவோர் வேரை வெட்டக் கண்டால் உங்கள் கவுன்சிலுக்குத் தெரிவியுங்கள். கிளை நறுக்க ஆளை அழைத்தால், ரம்பத்தைக் கிருமிநீக்கம் செய்தாரா எனக் கேளுங்கள். முடிதிருத்துபவரிடம் புதிய பிளேடு போடச் சொல்லும் நமக்கு இதில் என்ன கூச்சம்? லூர்து யாத்திரைக்குக் காரில் செல்வோர் திரும்புகையில் கன்றோ விறகோ ஏற்றி வரவேண்டாம்; புனித நீர் போதும். கோடை நடுவே ஒருபுறம் மட்டும் இலை வாடி, அடிமரப் பட்டையில் நீலக்கருமைக் கறை படர்ந்த பிளேனைக் கண்டால், படமெடுத்து ‘ட்ரீ அலர்ட்’ இணையதளத்தில் அன்றே பதிவிடுங்கள்.