முப்பத்தெட்டு

எங்கள் ஊர்ப் பையன்கள் ஹெவிவெயிட் குத்துச்சண்டை பேச ஆரம்பித்திருக்கிறார்கள். கீழ்பென்னாத்தூரில் இது புதுசு. கிரிக்கெட் உண்டு, பொங்கலுக்குக் கபடி உண்டு. விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் போலீஸ் தேர்வுக்கோ பட்டாளத்துக்கோ உடம்பைத் தேற்றுகிறவர்கள். ஓடி முடித்து டீக்கடைக்கு வந்தால் முன்பெல்லாம் கட் ஆஃப் மார்க்கைப் பற்றித்தான் பேச்சு. இப்போது ஒரு போனைச் சுற்றி நாலு தலை. லண்டனிலும் ரியாத்திலும் ராத்திரி நடக்கும் சண்டை நமக்கு விடிவதற்குச் சற்று முன்னால் முடிகிறது. கடை திறப்பதற்குள் அதன் முக்கியமான துண்டு போனுக்கு வந்துவிடும்.

வழி திறந்துவிட்டது 2021-ல் வந்த பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’தான். அதற்கு முன்பே ‘பூலோகம்’ வந்தது, ‘இறுதிச்சுற்று’ வந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். வடசென்னையில் நிஜமாகவே இருந்த சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளை எடுத்து, யார் எந்த வாத்தியாரின் ஆள் என்கிற மானப் பிரச்சினையோடு சேர்த்துக் காட்டியதும்தான் பையன்களுக்குப் பற்றிக்கொண்டது. எங்கள் தெருவில் ஒருவன் இன்னமும் அந்தப் படத்தில் வரும் டான்சிங் ரோஸ் போலக் கால் மாற்றிக் காட்டுவான். அங்கிருந்து யூடியூப் அவர்களை அலிக்கும் டைசனுக்கும் கூட்டிப்போனது. பிறகு இன்றைய ஆட்களுக்கு.

எங்கள் பையன்களில் ஒருவனும் எழுபது கிலோவைத் தாண்டாதவன் என்பது தனி வேடிக்கை. தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் என்றால் 200 பவுண்டுக்கு மேல், ஏறக்குறைய 91 கிலோ. கீழே உள்ள எடைப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் மேல்வரம்பு உண்டு. சரிக்குச் சரி ஆளைத்தான் நிறுத்துவார்கள். இதில் மட்டும் வரம்பே கிடையாது. 100 கிலோக்காரர் 120 கிலோக்காரர் முன்னால் போய் நிற்கலாம். அந்த அநியாயத்தில்தான் கவர்ச்சி இருக்கிறது என்று நினைக்கிறேன். பதினோரு சுற்று தோற்றுக்கொண்டே வந்தவர் பன்னிரண்டாவதில் ஒரே குத்தில் கணக்கைத் தீர்த்துவிடலாம். சின்ன எடைக்காரர்கள் இதைவிட நூறு மடங்கு அழகாக ஆடுவார்கள். கூட்டம் என்னவோ இங்கேதான் வருகிறது.

பையன்களின் செல்லம் மோசஸ் இட்டௌமா. 2004 டிசம்பரில் ஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். அப்பா நைஜீரியர், அம்மா ஸ்லோவாக்கியர், வளர்ந்தது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில். இடது கைக்காரர். 2023-ல் தொழில்முறைக்கு வந்தார். 2025 ஆகஸ்டில் ரியாத்தில் டில்லியன் வைட்டை முதல் சுற்றிலேயே, இரண்டு நிமிடம் ஆவதற்குள் சாய்த்தார். அதோடு 13 சண்டை, 13 வெற்றி, 11 நாக்அவுட்.

“இன்னா பெரிப்பா, டீ ஆறல, அதுக்குள்ள முடிச்சிட்டான்” என்றான் பக்கத்து வீட்டுப் பையன். தன் பங்காளியே ஜெயித்துவிட்ட மாதிரிப் பெருமை. எனக்கு வைட்டின் முகம்தான் கண்ணில் நின்றது. அப்போது அவருக்கு வயது 37. அதற்கு மூன்று வருடம் முன்பு வெம்ப்ளி மைதானத்தில் உலகப் பட்டத்துக்காக டைசன் ஃபியூரியோடு நின்ற ஆள். ரியாத்தில் விழுந்து எழுந்தார்தான், கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நடுவர் கையைக் காட்டிவிட்டார்.

இதைப் பார்த்து இட்டௌமாவைப் பற்றி என்ன தெரிந்துகொண்டோம்? வேகம் இருக்கிறது, கை கனம். நாலு அடி பலமாக வாங்கினால் என்ன செய்வார், பத்தாவது சுற்றில் மூச்சு எப்படி வாங்கும், அது தெரியாது. அமெரிக்காவில் ஜாரட் ஆண்டர்சனை இப்படித்தான் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். 2024 ஆகஸ்டில் மார்ட்டின் பக்கோலே ஐந்தாவது சுற்றில் அவரைத் தரையில் உட்காரவைத்ததும் அந்தப் பேச்சு நின்றது. இளசுகள் வந்து ஹெவிவெயிட்டுக்கு உயிர் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்வதை அதனால் நான் பாதிதான் நம்புகிறேன். மீதிப் பாதி பெருசுகள் கையில் இருக்கிறது. பெருசு சும்மா விழுந்து கொடுத்தால் இளசுக்கு என்ன மரியாதை?

முகமது அலி 1980 தொடக்கத்தில் மெட்ராஸுக்கு வந்தார். எம்.ஜி.ஆர். முதல்வர். நேரு ஸ்டேடியத்தில் பழைய சாம்பியன் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். முந்தின வருடமே ஓய்வு அறிவித்துவிட்டவர், வயது 38. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அதே வருடம் அக்டோபரில் லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸ் முன்னால் போய் நின்றார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலியின் பயிற்சிக்குக் கூலிக்கு அடி வாங்கியவர். பத்துச் சுற்று முடிந்ததும் அலியின் ஆட்களே போதும் என்று நிறுத்தினார்கள். அடுத்த வருடம் டிசம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக் என்பவரிடம் தோற்றார். அதுதான் அலியின் கடைசிச் சண்டை.

அந்தப் பெர்பிக்கைத்தான் 1986 நவம்பரில் மைக் டைசன் இரண்டாவது சுற்றில் உருட்டிவிட்டு, 20 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அவரைவிட இளையவர் யாரும் ஹெவிவெயிட் பட்டத்தைத் தொட்டதில்லை. இட்டௌமாவுக்கு அந்தச் சாதனை மேல் ஒரு கண் இருந்தது. 2025-ல் அந்த வயதைத் தாண்டிவிட்டார். டைசன் விஷயத்துக்கு வருகிறேன். 1988 ஜனவரியில் ஹோம்ஸை நாலாவது சுற்றில் முடித்தார். அலியை அடித்த அதே ஹோம்ஸ். அன்று ஹோம்ஸுக்கு வயது 38. பிறகு 2005 ஜூனில் கெவின் மெக்பிரைட் என்ற, அவ்வளவாகப் பெயர் தெரியாத ஓர் அயர்லாந்துக்காரரோடு டைசன் ஆடினார். ஆறாவது சுற்று முடிந்து உட்கார்ந்தவர் ஸ்டூலை விட்டு எழவில்லை. அன்று டைசனுக்கும் 38.

இதைக் கோத்துச் சொன்னபோது பையன்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். எண்களுக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. (ஜார்ஜ் ஃபோர்மேன் 1994-ல் 45 வயதில் பட்டத்தை மீட்டார். அவர் எந்தக் கணக்குக்கும் அடங்காதவர், விட்டுவிடுங்கள்.) ஆனால் அந்த வயதில் ஏதோ ஒன்று நடக்கிறது. குத்து வருவது கண்ணுக்குத் தெரிகிறது. தலை நகர்வதற்கு ஒரு நொடித் துண்டு கூடுதலாகப் பிடிக்கிறது. அலிக்கு அதுதான் நடந்தது. எதிரே நிற்கிறவன் இளைஞன் என்றால் அந்தத் துண்டு போதும்.

அதனால்தான் 2025 ஜூலை 19-ஐ நான் பெரிய நாளாக வைத்திருக்கிறேன். இடம் வெம்ப்ளி. உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்குக்கு வயது 38. எதிரே 27 வயது டேனியல் டுபுவா, முந்தின செப்டம்பரில் இதே வெம்ப்ளியில் அந்தோணி ஜோஷுவாவைக் குப்புறத் தள்ளியவர். பழைய கணக்குப்படி பெருசு விழ வேண்டும். ஐந்தாவது சுற்றில் விழுந்தது இளசு. நாலு உலகப் பட்டமும் மறுபடி உசிக் கையில் சேர்ந்தன. இத்தனைக்கும் உசிக் பிறவி ஹெவிவெயிட் இல்லை. கீழே உள்ள குரூசர்வெயிட்டில் எல்லாப் பட்டத்தையும் எடுத்துவிட்டு மேலே ஏறி வந்தவர். 2024 மே மாதம் தன்னைவிட அரை அடி உயரமான ஃபியூரியை வென்றவர். அலி பிறந்தது ஜனவரி 17, உசிக் பிறந்ததும் ஜனவரி 17 என்று பையன்கள் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள். எண் சக்தியை நான் மறுத்ததற்கு அவர்களுடைய பதில் அது.

எனக்கு இந்தச் சண்டைகள் ஒட்டிக்கொண்டதற்குச் சினிமா காரணம் இல்லை. திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் நடுவில் வளர்ந்தவனுக்குக் கனத்த ஆட்களின் சண்டை சின்ன வயதிலேயே பழக்கம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம், சாயந்திரம் தீமிதி. படுகளத்துக்குத் துரியோதனனை மல்லாந்து படுத்த கோலத்தில் மண்ணால் பெரிதாகச் செய்து, வர்ணம் பூசி வைப்பார்கள். வேஷம் கட்டிய வீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கதாயுதத்தால் மோதுவார்கள். ராத்திரி முழுக்க ஆடிய கால்கள். வெயில் ஏற ஏற இரண்டு பேருக்கும் நிஜமாகவே மூச்சு வாங்கும். பத்தாவது சுற்று மூச்சு என்று மேலே சொன்னேனே, அதை நான் முதலில் கேட்டது அங்கேதான். கண்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டுவான். வீமன் தொடையில் அடிப்பான். கதாயுதச் சண்டையில் இடுப்புக்குக் கீழே அடிப்பது குற்றம். பலராமன் கோபித்துக்கொண்டது அதற்காகத்தான்.

உசிக்கும் டுபுவாவும் முதலில் மோதியது 2023 ஆகஸ்டில், போலந்தில். அங்கேயும் இதே வழக்கு. ஐந்தாவது சுற்றில் டுபுவாவின் குத்து உசிக்கின் இடுப்புப் பட்டைப் பக்கம் விழுந்தது. உசிக் சுருண்டார். பெல்ட்டுக்குக் கீழே என்று நடுவர் தீர்மானித்து, வலி ஆற அவகாசம் கொடுத்தார். எழுந்த உசிக் ஒன்பதாவது சுற்றில் டுபுவாவை முடித்தார். குத்து சரியான இடத்தில்தான் விழுந்தது என்று டுபுவா தரப்பு முறையிட்டும் பலிக்கவில்லை. எங்கள் டீக்கடையில் இன்றைக்கும் இதில் இரண்டு கட்சி உண்டு. அந்தத் துண்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்த நான் நடுவர் பக்கம் சாயவில்லை. பட்டை மேல் விழுந்த குத்து என்றுதான் எனக்குத் தெரிகிறது. 2025-ல் உசிக் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அடித்து விழுத்தியதில் எனக்கு ஏற்பட்ட நிம்மதி டுபுவாவுக்கு ஏற்பட்டிருக்க நியாயமில்லை.

படுகளத்தில் இன்னொன்றும் உண்டு. மண்ணில் உருவம் செய்வது ஜெயித்த வீமனுக்கு இல்லை, விழப்போகிற துரியோதனனுக்கு. பாஞ்சாலி சபதம் முடித்துக் கூந்தல் முடிந்த பிறகு எழும் ஒப்பாரியும் அவனுக்குத்தான். விழவேண்டியவன் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் அழுவார்கள். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்த கண்ணுக்கு ரியாத்தில் இட்டௌமா தெரியாமல் வைட் தெரிந்தால் அது என் குற்றமா?

நம் நாட்டு ஹெவிவெயிட்டுகளைப் பற்றிப் பையன்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஹரியானாவின் ஹவா சிங் 1966, 1970 இரண்டு ஆசியப் போட்டிகளிலும் தங்கம் வாங்கிய பட்டாளத்துக்காரர்.  பஞ்சாபின் கௌர் சிங், அவரும் பட்டாளம்தான், 1980-ல் டெல்லியில் அலியோடு காட்சிச் சண்டை போட்டவர். 1982 டெல்லி ஆசியப் போட்டியில் தங்கம். ஒலிம்பிக்கில் சூப்பர் ஹெவிவெயிட்டில் இறங்கிய முதல் இந்தியர் சதீஷ் குமார். டோக்கியோவில் முதல் சண்டையில் ஜெயித்தபோதே முகம் கிழிந்துவிட்டது. தாடையிலும் கண் மேலும் 13 தையல். அந்தத் தையலோடு காலிறுதியில் உஸ்பெகிஸ்தானின் பகோதிர் ஜலோலோவ் முன்னால் நின்றார். ஜலோலோவ் அந்தத் தங்கத்தையும் வாங்கி, பிறகு பாரிஸிலும் தங்கம் வாங்கியவர். ஐந்து நடுவர்களும் ஜலோலோவுக்கே புள்ளி போட்டார்கள்.

அந்தச் சண்டையைப் போனில் தேடி எடுக்கச் சொன்னேன். முழுசாகப் பார்த்தோம். மூன்று சுற்றும் சதீஷ் நின்றார்.

“தோத்த சண்டையப் போயி ஏன் பெரிப்பா பாக்கற?” என்றான் பையன்.

மூன்றாவது சுற்றை மறுபடி போடச் சொன்னேன்.