டார்வினுக்குள் ஒரு வின்

அந்தப் பெண் டீமில் சேர்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. "நேத்து ரிப்போர்ட் எங்க?" என்று குரூப்பில் கேட்டேன்.

"ஸ்கிரிப்ட்ட ஓட்டினேன் அண்ணா, எரர் எதுவும் வரல. ஆனா ஃபோல்டர் காலியா இருக்கு."

"சரியா ஓட்டினியா?" என்றேன், எல்லோரும் பார்க்க. அன்று ராத்திரி பதினொரு மணி வரை அவள் அதையே திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறாள்.

ஸ்கிரிப்ட் நான் எழுதியது. எந்த இயங்குதளத்தில் ஓடுகிறோம் என்று பைத்தானிடம் கேட்டால் ஒரு சொல் கிடைக்கும். விண்டோஸில் அது 'வின்32', மெஷின் 64 பிட்டாக இருந்தாலும். லினக்ஸில் 'லினக்ஸ்'. கிடைத்த சொல்லுக்குள் எங்காவது 'வின்' இருந்தால் விண்டோஸ் என்று எழுதிவைத்திருந்தேன். டீமில் எல்லோரிடமும் இந்த ரெண்டில் ஒன்றுதான். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அவளுடையது மேக். மேக்கின் அடித்தளத்துக்கு டார்வின் என்று பெயர். அதற்குள்ளும் ஒரு வின்.

அதனால் ஸ்கிரிப்ட் அதை விண்டோஸ் என்று முடிவுகட்டி, ஃபோல்டர் பெயருக்கும் ஃபைல் பெயருக்கும் நடுவில் பின்சாய்கோடு போட்டது. விண்டோஸில் அது பாதையைப் பிரிக்கும் குறி. மேக்கில் ஃபைல் பெயரில் வரக்கூடிய இன்னொரு எழுத்து, அவ்வளவுதான். எரர் எப்படி வரும்? ஃபோல்டருக்கு வெளியே, நடுவில் கோடு விழுந்த நீளமான பெயரோடு ரிப்போர்ட் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

பெயரை முழுசாக ஒப்பிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல்லில் ஓட்டினால் பைத்தான் 'லினக்ஸ்' என்று சொல்லும். பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. யோசித்தால், எனக்கு அந்தப் பெயரே தேவைப்படவில்லை. பாதையைச் சேர்க்கத் தெரிந்தால் போதும். அதை அந்தந்த மெஷினுக்கு ஏற்ற மாதிரி பாத்லிப் பார்த்துக்கொள்ளும். ஏழு வரி இஃப் போய் ஒரு வரி ஆனது.

அதே குரூப்பில் எழுதினேன்: "தப்பு உன்னோடது இல்லம்மா, என் ஸ்கிரிப்ட்தான்."

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விண்டோஸ் கேட்கலாம் என்று இருந்தாளாம். "மேக்னு நான் முன்னாடியே சொல்லியிருக்கணுமோ அண்ணா?"

"நான் கேட்டிருக்கணும்."