கரிசல் நாட்டு மஞ்சள் பூ

விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குச் செல்லும் யாத்திரிகரின் கண்ணில் முதலில் படுவன கரிசல் வயல்களும், தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைகளுமே. மழைக்காலத்தில் வண்டியை விட்டிறங்கி வரப்போரம் குனிந்து பார்ப்பவருக்கு வேறொரு காட்சியும் கிட்டும். நான்கு இதழ் விரித்த சிறு மஞ்சள் பூக்கள் கூட்டங்கூட்டமாய் நிற்கும். கடுகு என்றே பலர் எண்ணுவர். அதுதான் நாய்க்கடுகு, நாய்வேளை என்றும் சொல்வதுண்டு.

இதனை அறிந்துகொள்வது எளிது. ஒரே காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் விரல்களைப்போல் விரிந்திருக்கும். தொட்டால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும், நெடியும் வீசும். காய்கள் நீண்டு நிமிர்ந்து நிற்கும். 1753-ல் இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டிய ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், அந்தப் பசையையே பெயரில் வைத்தார். இதன் உடன்பிறப்பாகிய நல்வேளையோ வெள்ளைப் பூப் பூக்கும். இமயமலைச் சாரலிலுள்ள கட்வால் நாட்டார் நாய்க்கடுகின் விதையை ‘ஜக்யா’ என்றழைத்துக் கறிகளுக்குத் தாளிக்கிறார்கள்.

ஆனால் தரிசில் பூக்கும் மஞ்சளெல்லாம் சுதேசிச் சரக்கல்ல. மெக்ஸிகோவிலிருந்து வந்து குடியேறிய பிரமதண்டும் அங்கே மஞ்சளாகவே பூக்கிறது. அதன் இலையெங்கும் முள். ஒடித்தால் மஞ்சள் நிறப் பால் வடியும். அதன் கரிய உருண்டை விதை பார்வைக்குக் கடுகேதான். உள்ளே இருப்பதோ நஞ்சு. 1998-ல் டில்லியில், பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆகையால் விதையை மட்டும் கண்டு ஏமாறலாகாது. செடியைக் கண்டு தெளிய வேண்டும். கையில் ஒட்டுவது நாய்க்கடுகு. கையைக் குத்துவது பிரமதண்டு. அடுத்த மழைக்குப் பின் குழந்தைகளை அழைத்துச் சென்று இரண்டையும் காட்டி வையுங்கள்.