நாலு வெள்ளியும் நாலெழுத்தும்



கேமரன் மலைக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், "ஸ்ட்ராபெர்ரி வாங்கி வந்தீர்களா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் ஸ்ட்ராபெர்ரிக்காகப் போகவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அந்த மலையில் விட்டுவிட்டு வந்த ஒரு பையனைத் தேடிப் போனேன். அவனுக்கு வயது பதினைந்து. அவன் வேறு யாருமல்லன்; நான்தான். அவனிடம் நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அந்த நாலு வார்த்தையும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் ஆகும் என்பதால், நீங்களும் என்னோடு வாருங்கள்.

மலைப் பாதையிலே

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வளைவுக்கு மேல் வளைவு. வயிற்றைப் பிசைகிற பாதை. எங்கள் காலத்தில் பேருந்து ஏறும் முன்பே அம்மா கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் திணித்துவிடுவார். வழியில் லாத்தா இஸ்கந்தார் அருவியில் இறங்கி முகம் கழுவிக்கொண்டால் பாதி மயக்கம் தீர்ந்துவிடும். ஒராங் அஸ்லி மக்கள் சாலையோரத்தில் தேனும் பெட்டாயும் விற்கிறார்கள். மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது. ரிங்லெட் வந்ததும் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொள்கிறோம்.

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியைக் குறித்து வைத்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இந்தப் பெயர்கள் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் சரிவுகளில் கயிறு கட்டி இறங்கிக் காட்டை வெட்டியவர்கள், குழி தோண்டியவர்கள், கன்று நட்டவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களில் நம்மவர்கள் எத்தனையோ பேர். என் தாத்தாவும் ஒருவர்.

தண்ணீர் போகும் வழி

ரிங்லெட்டைத் தாண்டிக் கீழே இறங்கினால் லெம்பா பெர்த்தாம். லெம்பா என்றால் பள்ளத்தாக்கு. அவசரகாலத்தில் அமைந்த புதுக்கிராமம் ஒன்று இங்கே இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது கோசும் தக்காளியும் வெட்டவெளியில் விளைந்தன. இன்று மேலே நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளை வெள்ளையாய்ப் பிளாஸ்டிக் கூரைகள். அவற்றின் கீழே சாமந்தியும் காய்கறியும். சுற்றிலும் உள்ள மலைகளிலே, சீப்பால் வாரிவிட்டது போல் தேயிலை.

நடுவிலே பெர்த்தாம் ஆறு. பிரிஞ்சாங் பக்கத்து மலையில் பிறந்து, தானா ராத்தாவையும் ஹாபுவையும் தொட்டுக்கொண்டு வருகிற ஆறு இது. ரிங்லெட் அருகே சுல்தான் அபு பாக்கார் அணை அதை மறித்து நிற்கிறது. 1963-இல் இயங்கத் தொடங்கிய மின்திட்டத்துக்காகக் கட்டிய அணை. அங்கே தேங்கும் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் போய் மின்சாரமாகிறது. பகாங் ஆற்றோடு சேர்ந்து கிழக்குக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர் மேற்கே போகிறது!

அதே தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்கை அழவைத்த நாளும் உண்டு. 2013 அக்டோபர் 23 விடியற்காலையில், பெருமழையால் நிரம்பிய அணையிலிருந்து நீரைத் திறந்துவிட்டார்கள். ஆற்றோரத்து வீடுகளும் வாகனங்களும் சேற்றில் புதைந்தன. உயிர்களும் போயின. இப்போதும் பெர்த்தாம் மக்கள் இரவில் மழை வலுத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

ஆறு போகும் வழியை ஓர் அணை மாற்றியது. என் வழியை மாற்றியது நாலு வெள்ளி.

1974

அந்தக் கதைக்கு வருகிறேன். பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை. அம்மாவுக்குக் கொழுந்து. ஐந்து பிள்ளைகளில் நான் மூத்தவன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து, இரண்டாம் பாரத்துக்கு வந்திருந்தேன். மறு ஆண்டு எல்.சி.இ. சோதனை எழுத வேண்டியவன்.

அது விலைவாசி ஏறிக்கிடந்த காலம். அரிசி விலை கேட்டால் அம்மா பெருமூச்சு விடுவார். பள்ளிப் பேருந்துக் கட்டணம் இரண்டு மாதம் பாக்கி. அப்போது ஒரு கூட்டாளி வந்து சொன்னான்: "டேய், கீழே காய்கறித் தோட்டத்துல நாளுக்கு நாலு வெள்ளி தர்றாங்கடா. சாயந்தரமே கையில காசு!"

மறுநாள் புத்தகப் பையை ஆணியில் மாட்டினேன். அது மாட்டியபடியே கிடந்து எலி கடித்தது.

முதல் நாள் கூலியை அம்மாவிடம் கொடுத்தேன். சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய்ச் சுருட்டுப் பற்றவைத்தார். நான் பெரிய மனிதனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பையனைத் திட்ட நான் வரவில்லை. வீட்டில் பசி இருந்தது உண்மை. என் தங்கை ஐந்தாம் பாரம் வரை படித்தாள். அதில் என் நாலு வெள்ளிக்கும் பங்கு உண்டு. ஆனால் அவன் கணக்கில் ஒரு பிழை இருந்தது. "படிப்பு எனக்காக; கூலி வீட்டுக்காக" என்று அவன் நினைத்தான். அங்கேதான் தவறினான். தம்பி, உன் வீட்டுக்கு உன் நாலு வெள்ளியைவிட உன் நாலெழுத்துதான் அதிகம் தேவைப்பட்டது!

எப்படி என்று கேட்கிறீர்களா?

அம்மாவின் நிறுவை

அந்த ஆண்டுகளில்தான் ராத்தல் கணக்கு போய்க் கிலோ கணக்கு வந்தது. அம்மாவின் கைக்கு ராத்தல் தெரியும். கூடையைத் தூக்கினாலே எத்தனை ராத்தல் என்று சொல்லிவிடுவார். கிலோ வந்ததும் குழம்பிப் போனார். நிறுவைக் கொட்டகையில் என்ன எழுதினாலும் தலையாட்டிவிட்டு வந்தார். எண் சிறுத்ததால் தமக்கு வயதாகிக் கை தளர்ந்துவிட்டது என்றே பல நாள் நினைத்திருக்கிறார்! ஒரு கிலோ என்பது ஏறக்குறைய 2.2 ராத்தல் என்று சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடம் போன ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்தால் போதும். அந்தப் பிள்ளை கீழே கோசு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

அப்பாவின் சிவப்புக் கார்டு

இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

அப்பா சேலம் பக்கம் பிறந்தவர். சிறு வயதிலேயே தாத்தாவோடு கப்பலேறி வந்தவர். அவரிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. நிரந்தரவாசி, ஆனால் குடிமகன் அல்லர். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தது. பெர்மிட் கிடைக்காமலும், கிடைக்காதோ என்று பயந்தும் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தெரியாத ஊருக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர்! எங்கள் லயத்திலேயே இரண்டு வீடுகள் காலியாயின.

அப்பாவுக்குப் பெர்மிட் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் உயிர் போய் வரும். குடியுரிமைக்கு மனுப் போட மலாய் மொழி தெரிந்திருக்க வேண்டும். பசாரில் மீன் வாங்கும் அளவுக்கு மலாய் தெரிந்த மனிதர், அதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்து பேசப் பயந்தார்.

ஒரு நாள் இரவு, மண்ணெண்ணெய் விளக்கடியில், மடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். "தம்பி, இந்தப் பாரத்தைப் படிச்சு நிரப்பித் தர்றியாய்யா?"

நான் களைத்துப்போய்ப் படுத்திருந்தேன். "நாளைக்குப் பார்க்கலாம்ப்பா" என்றேன். படிப்பை விட்டு ஓராண்டு ஆகியிருந்தது. அந்தத் தாளில் உள்ள சொற்கள் எனக்கும் புரியாதோ என்ற வெட்கமும் இருந்தது.

அந்த நாளை வரவே இல்லை. 1986-இல் அப்பா இறந்தபோது, தகரப் பெட்டியில் சிவப்புக் கார்டு இருந்தது. அதன் கீழே அதே தாள். மடிப்பில் கிழிந்து, ஓர் எழுத்தும் நிரப்பாமல்.

பதினைந்து வயதுப் பையனே, கேள். மாலையில் அரை மணி நேரம். நாளுக்கு ஐந்து மலாய்ச் சொற்கள். அவ்வளவுதான். மூன்று மாதத்தில் அப்பா தைரியமாகப் பேசியிருப்பார். பெற்றோர் பிள்ளைக்குச் சொல்லித்தருவது ஊர் வழக்கம். பிள்ளை பெற்றோருக்குச் சொல்லித்தருவது தோட்டத்துப் பிள்ளையின் கடமை!

என்னுடைய கணக்கு

கைக்காசு வேலைக்குச் சேமநிதி கிடையாது. ஊழியர் சேமநிதி வாரியம் 1951-லேயே வந்துவிட்டது. ஆனால் அது என்னவென்றே எனக்குத் தெரியாது. பதினோரு ஆண்டுகள் காய்கறித் தோட்டம், லாரி, மறுபடியும் காய்கறித் தோட்டம். நாலு வெள்ளி எட்டாயிற்று; பிறகு பன்னிரண்டாயிற்று. 1985-இல் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தபோதுதான் என் பெயரில் முதல் சந்தா ஏறியது. ஐம்பத்தைந்து வயதில் கணக்கைப் பார்த்தேன். என்னோடு படித்து, ஐந்தாம் பாரம் முடித்து, குமாஸ்தாவாகப் போனவரின் தொகையில் பாதிகூட இல்லை. இளமையில் போட்ட பணம்தானே ஆண்டுதோறும் இலாப ஈவு சேர்ந்து வளர்கிறது! இன்று சம்பளத்தில் தொழிலாளி 11 விழுக்காடு கட்டுகிறார். 5,000 வெள்ளி வரை சம்பளம் உள்ளவருக்கு முதலாளி 13 விழுக்காடு போடுகிறார். சாயந்தரமே கையில் காசு என்றால், இந்த 13 உங்களுக்கு வரவில்லை என்று பொருள்.

ஒட்டுக்கடையில் ஒரு தம்பி

இந்த முறை போனபோது எங்கள் லயம் இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். புதர் மண்டிக் கிடந்தது. மலைச் சரிவில் இருவர் சேர்ந்து பிடிக்கும் இயந்திரத்தால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். வங்காளதேசத்துப் பிள்ளைகள். அவர்களும் யாரோ ஓர் அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறவர்கள்தான்.

கீழே இறங்கி ஒட்டுக்கடையில் தேநீர் கேட்டேன். கொண்டுவந்து வைத்தது நம் பையன். பள்ளி நாள், காலை பத்து மணி.

"ஸ்கூல் போகலையா தம்பி?"

"நின்னுட்டேன் அங்கிள். வீட்ல கஷ்டம். இங்க நாளுக்கு அம்பது வெள்ளி."

தேநீர் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்: "உங்க வீட்டுக்கு வர்ற கடிதத்தையெல்லாம் யாரு படிப்பா?"

"நான்தான்."

"அப்படின்னா உங்க வீட்டுக்கு நீதான்யா கிராணி!"

சிரித்துவிட்டான். பிறகு என் கதையைச் சொன்னேன். அப்பாவின் தாளைப் பற்றிச் சொன்னபோது மேசை துடைப்பதை நிறுத்திவிட்டான். "பள்ளியில் யாரிடமாவது சொன்னாயா?" என்று கேட்டேன். "வெட்கமா இருக்கு அங்கிள்" என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் லயத்திலேயே தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் இருந்தார். என்னிடம் அன்பாக இருந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஒருவரிடமும் நான் வாய் திறக்கவில்லை. பள்ளி விடுமுறையில் மட்டும் வேலை செய்து, படிப்பையும் தொடர வழி உண்டா என்று கேட்டிருந்தால், யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்.

அந்தத் தம்பி பள்ளிக்குத் திரும்பினானா என்று எனக்குத் தெரியாது. புறப்படும்போது, "நம்ம வகுப்பு டீச்சர் நம்பர் என்கிட்ட இருக்கு அங்கிள்" என்றான். அதுவரைக்கும் சந்தோஷம்.

பெற்றோர்களே, பிள்ளை முதல் கூலியைக் கொண்டுவந்து கொடுத்தால் கண்ணீர் வரத்தான் செய்யும். துடைத்துக்கொண்டு, "புத்தகப் பை எங்கேய்யா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என் அப்பா கேட்கத் தயங்கிய கேள்வி அது. பிறப்புப் பத்திரம், பன்னிரண்டு வயதில் எடுக்கும் அடையாள அட்டை, பதினெட்டில் மாற்றும் அட்டை, சேமநிதிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து, எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லிவையுங்கள்.

தம்பி, தங்கைகளே, கஷ்டம் வந்தால் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். பெரியவர் ஒருவரிடம் வாய் திறந்து கேளுங்கள். இன்றிரவு அப்பாவோ அம்மாவோ தாத்தாவோ ஒரு தாளை நீட்டினால், "நாளைக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விளக்கைப் போட்டு உட்கார்ந்து படித்துச் சொல்லுங்கள்.