டப்பாவில் மிஞ்சியது

எனாமல் பெயிண்ட் காய்கிறது என்று சொல்வது பாதிதான் சரி. கரைப்பான் ஆவியான பிறகு, அதிலுள்ள எண்ணெய்ப் பிசின் காற்றின் ஆக்ஸிஜனை ஏற்று இறுகுகிறது. பிளாஸ்டிக் விமானத்தின் மேல் நடக்க வேண்டிய இந்தக் காரியம் மூடிய டப்பாவுக்குள்ளேயும் நடக்கிறது; மேலே ஆடை படிகிறது. அக்ரிலிக் அப்படியல்ல. அது பெரும்பாலும் நீரை இழந்துதான் கெட்டியாகிறது.

இதில் ஒரு விபரீதம். திறக்காத டப்பா பல வருஷங்கள் தாங்கும். பாதி செலவழிந்ததில் காற்றுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. எடுத்தாண்டதே மிச்சத்துக்கு எதிரி.

மறைந்த நண்பர் ஒருவர் கலந்த சாம்பல் நிறம் என்னிடம் இருக்கிறது. 14 மில்லி ஹம்ப்ரால் டப்பாவில் பாதிக்கும் கீழே. விகிதத்தை அவர் குறித்துவைக்கவில்லை. அதைச் சின்னக் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி, கண்ணாடி மணிகள் போட்டு மட்டத்தை விளிம்புவரை உயர்த்தினேன். விளிம்பில் பெயிண்ட் ஒட்டியிருந்தால் மூடி படியாது, துடைத்து இறுக்கினேன்.

ஆனால் அப்படியே வைத்திருப்பது பாதுகாப்பதாகாது. நிறமி அடியில் படிந்து இறுகும். நிறைந்த குப்பியைக் குலுக்கிப் பயனில்லை. திறந்து கிளற வேண்டும். திறந்தால் காற்று நுழையும். எந்த ஏற்பாடும் நாளைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

அவர் தொடங்கிய விமானத்தில் ஓர் இறக்கை பாக்கி. அதற்கு இதை அடித்துவிடப் போகிறேன்.